மொட்டைப் பெயர்

ஒட்டன்சத்திரத்தில் ஒரு தக்காளி மண்டிக்கு மேலே சின்ன மாடி அறை. அங்கே வஞ்சிக்கொடி பெயர் விற்றுக்கொண்டிருந்தாள்.

கீழே விற்பதெல்லாம் நாலு நாளில் அழுகிப்போகிற சரக்கு. மேலே இவள் விற்பதோ கண்ணுக்கே தெரியாத சரக்கு. இணையத்தில் கடை திறப்பவருக்கும் கம்பெனி வைப்பவருக்கும் முதலில் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரை அடித்தால்தான் ஆள் வந்து சேரும். அப்படிப்பட்ட பெயர்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்து, தகுந்த ஆளுக்குக் கொடுப்பது அவள் தொழில். சின்னப் பெயர்கள் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். இரண்டே எழுத்தில் ஒன்று வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் வி, அடுத்து ஓ. புள்ளிக்குப் பின்னால் எல்லாப் பெயருக்கும் உள்ள வால் இதற்கும் உண்டு.

அவளுக்கு ஒரு சீடர். பெயர் பரமானந்தம். சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு, குருவுக்கு முப்பத்தாறு.

வேடிக்கை அதோடு முடியவில்லை. பாலிடெக்னிக்கில் அவளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவரே இவர்தான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இப்போது பழைய மாணவியின் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார். அவள் இன்றைக்கும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் பதில் தப்பாக இருந்தால் விடமாட்டாள். அந்தக் குணமும் அவரிடமிருந்து வந்ததுதான்.

மார்கழி மாதத்தில் ஒரு காலை அவர் கேட்டார்.

“ஏம்மா வஞ்சி, இந்த ரெண்டெழுத்துப் பேருக்கு அப்படி என்ன மதிப்பு? மும்பைக்காரன் வாங்கணும்னு விடாம போன் பண்றானே?”

“நீங்களே சொல்லுங்க சார்.”

“கணக்குதான். இருபத்தாறு எழுத்து. இருபத்தாறை இருபத்தாறால பெருக்கினா அறுநூத்து எழுபத்தாறு. அதுக்கு மேல கிடையாது. கொஞ்சமா இருக்கிற பொருளுக்கு மதிப்பு ஜாஸ்தி.”

“எங்க வீட்டு ஆட்டுக்கல்லுல குழவி பாதி உடைஞ்சு கிடக்கு. அந்த மாதிரி குழவி உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு. வாங்கிக்கிறீங்களா?”

பரமானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாதபோது அவர் செய்கிற காரியம் அது. வகுப்பிலும் அப்படித்தான்.

அவர் சும்மா கேட்கவில்லை. அந்தப் பெயர் அவருக்கு வேண்டும். தம்பிக்காக வேண்டும்.

தம்பி பெயர் குழந்தைவேலு. நாற்பதைத் தாண்டியவன். பிறவியிலேயே பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும். எழுத்தும் ஏறவில்லை. வீட்டில் எல்லாம் சைகைதான். அண்ணன் என்று சொல்ல, இரண்டு கை விரல்களையும் வளையமாக்கிக் கண்ணாடி போலக் கண்ணில் வைத்துக்கொள்வான். தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு வருடம் தவறாமல் நடப்பான். மற்ற நாளெல்லாம் வீட்டில் யாராவது அவனுக்காகப் பேச வேண்டும். பச்சை வேட்டி கட்டி மாலை போட்டுவிட்டால் அவனுக்கு யாரும் தேவையில்லை. கால் போதும்.

போன வருடம் கூட்டத்தில் பிரிந்துவிட்டான். கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையில் இருந்த போன் நம்பர் சண்முகநதியில் முங்கியபோது கரைந்துபோயிற்று. எப்படியோ எந்தப் பஸ்ஸிலோ ஏறி, கடைசியில் கரூர் பேருந்து நிலையத்தில் ஒரு தூணடியில் சுருண்டு கிடந்தவனைக் கண்டுபிடித்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஆளே பாதியாகியிருந்தான். அவனைப் பார்த்த இடத்திலேயே பரமானந்தம் வாய்விட்டு அழுதார்.

இனி நடை கிடையாது என்று வீட்டில் முடிவாயிற்று.

மார்கழி பிறந்ததும் குழந்தைவேலு பச்சை வேட்டியை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டான். அதை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். வீட்டுத் திரைச்சீலை பச்சையாக இருந்தது. அதை எடுத்துத் துவைத்தான். அதையும் ஒளித்துவைத்தார்கள். அதன் பிறகு சாப்பாட்டை நிறுத்திவிட்டான். வாயால் கேட்கிறவனிடம் வேண்டாம் என்று சொல்லலாம். தட்டை நகர்த்தி வைக்கிறவனிடம் என்ன சொல்வது?

பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்க ஓர் இணையதளம் இல்லாமல் இல்லை. பரமானந்தமே உருவாக்கியது. வழிதவறி நிற்கிற யாரைக் கண்டாலும் படம் எடுத்துப் போடலாம். நாம் தேடுகிற ஆளைப் பற்றியும் எழுதலாம். அருமையான ஏற்பாடு. போன வருடம் அதில் ஒரு படம்கூட ஏறவில்லை.

காரணம் அதன் பெயர். பாதயாத்திரைக் குழுவே கூடி உட்கார்ந்து வைத்த பெயர். மாவட்டம் வந்தது, பழனி வந்தது, பாதயாத்திரை, பக்தர்கள், சேவை, சங்கம் எல்லாம் வந்தன. தலைவரின் அரிசி ஆலையும் நுழைந்தது. கடைசியில் நிறுவனர் பரமானந்தத்தின் இனிஷியல். கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் விட்டுப்போனால் சண்டை வருமே, அந்தப் பயத்தில் வைத்த பெயர். இணையத்தில் ஒரு பெயருக்கு அறுபத்து மூன்று எழுத்துதான் உச்சம். நாயன்மார் கணக்கு. அந்த வரம்பு மட்டும் இல்லாதிருந்தால் தலைவரின் மாமனாரும் ஏறியிருப்பார்.

“இந்தத் தைப்பூசம் முடியிற வரைக்கும் அந்த ரெண்டெழுத்தைக் குடும்மா” என்றார் பரமானந்தம். “அது இருந்தா தம்பிய தைரியமா கூட்டிட்டுப் போவேன். இல்லாட்டி அவன் சாப்பிடவே மாட்டான் போல.”

“மதிப்பு எங்க இருக்குன்னு சொல்லுங்க சார். எடுத்துட்டுப் போங்க.”

“தம்பி பட்டினி கிடக்கான். நீ பரீட்சை வைக்கிறியா?”

“தம்பிக்காகத்தான் வைக்கிறேன்.”

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். கீழே கேரளாவுக்குப் போகிற லாரி ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. தக்காளிப் பெட்டிகளின் உச்சியில் லோடுமேன் சடையப்பன் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த லாரி கிளம்புறதுக்குள்ள, மேல நிக்கிறவர்கிட்ட உங்க இணையதளத்துப் பேரைச் சொல்லிட்டு வாங்க.”

பரமானந்தம் இறங்கிப் போனார். வகுப்பெடுத்த தொண்டை. கணீரென்று ஆரம்பித்தார். மாவட்டம் முடிந்து பழனி வந்தபோது ஒரு மினி லாரி ஹாரன் அடித்தது. பாதயாத்திரையை எட்டியபோது யாரோ முருங்கைக்காய்க் கட்டை அவர் தோளில் இடித்துக்கொண்டு போனார்கள். பக்தர்கள் என்றபோது லாரி நகர்ந்துவிட்டது. அவர் கூடவே ஓடினார்.

“மிச்சத்தை நாளைக்குச் சொல்லுங்க சார்!” என்று உச்சியிலிருந்து கத்தினார் சடையப்பன்.

மண்டியே சிரித்தது. அந்த நேரத்தில் வஞ்சிக்கொடி ஜன்னலிலிருந்து கையைக் குவித்து ஒரே ஒரு சத்தம் கொடுத்தாள்.

“வீயோ!”

“வீயோ!” என்று திருப்பிக் கத்தினார் சடையப்பன். சந்தை வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்து இன்னொரு தடவை கத்தினார். டீக்காரரும் எதற்கென்று தெரியாமல் ஒரு வீயோ போட்டார். லாரி திரும்பிப் போயிற்று.

பரமானந்தம் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

“அது என்னன்னே அந்தாளுக்குத் தெரியாதேம்மா.”

“தெரியாது. ஆனா கொண்டு போயிட்டார்ல?”

“புரிஞ்சுபோச்சு. சொல்றதுக்குச் சுலபம். அதான் மதிப்பு.”

“சொல்ல முடிஞ்சவங்களுக்குச் சரி சார்.”

“அப்ப அடிக்கிறதுக்குச் சுலபம். தப்பு வராது.”

“அடிக்கத் தெரிஞ்சவங்களுக்குச் சரி.”

அவர் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வஞ்சிக்கொடிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“சார், ஒருநாள் லேப்ல கம்ப்யூட்டர்ல வேற ஏதோ பாக்குறேன்னு என்னை வெளிய அனுப்புனீங்க. ஞாபகம் இருக்கா?”

“எத்தனையோ பேரை அனுப்பியிருக்கேன்.”

“யாரோ வேண்டாம்னு விட்ட ரெண்டெழுத்துப் பேரு அன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. லேபை விட்டு நேரா பிரவுசிங் சென்டர் போய் வாங்கினேன். நீங்க விரட்டலைன்னா எனக்கு இது கிடைச்சிருக்காது.” அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். “இதை அடிச்சா உங்க இணையதளம் திறக்கிற மாதிரி இப்பவே திருப்பி விடுறேன். கொண்டு போங்க. பதில் கிடைச்சதும் திருப்பிக் கொண்டு வாங்க.”

“பதில் கிடைக்கலைன்னா?”

“ஒரே ஒரு நிபந்தனை. கூட ஒரு எழுத்துச் சேக்கக் கூடாது. தலைவர் பேரும் கூடாது. உங்க இனிஷியலும் கூடாது.”

அன்று மாலை பரமானந்தம் பீரோவைத் திறந்து பச்சை வேட்டியை எடுத்துத் தம்பியின் மடியில் வைத்தார். குழந்தைவேலு வேட்டியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், நேராக அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

குழுவைச் சமாளிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அரிசி ஆலை நாச்சிமுத்துதான் தலைவர். நல்ல மனிதர். அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுப்பவர். மூட்டையில் தன் படம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“என்னய்யா இது, வெறும் ரெண்டெழுத்து?” என்றார். “மொட்டையா இருக்கு. முன்னாடி ‘ஸ்ரீ’யாவது போடலாம்ல?”

“போடக் கூடாதுங்க.”

“பின்னாடி நம்ம ஆலைப் பேரு?”

“அதுவும் கூடாதுங்க.”

“உம்ம பேரைச் சேத்துக்கிட்டீர், என் பேரை எடுத்துட்டீர். அதானே?”

“என் பேரையும் எடுத்தாச்சுங்க.”

நாச்சிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். நிறுவனர் தன் பெயரையே எடுத்துவிட்டார் என்றால் ஏதோ பெரிய காரியம் நடக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. தலைவரின் படங்களுக்குத் தனி பிளெக்ஸ். பெயருக்குத் தனிப் பலகை. அந்தப் பலகையில் வி, ஓ இரண்டும் மட்டும், ஆள் உயரத்துக்கு. வழியில் உள்ள தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பந்தல், மருத்துவ முகாம் எல்லாவற்றிலும் ஒன்று நட்டார்கள். கூட்டத்தில் யாராவது பிரிந்துவிட்டால் போனில் வீயோவைத் திறக்கும்படி மைக்கில் சொல்லச் சொன்னார்கள்.

தை பிறந்தது. சாலை பச்சையாயிற்று.

பரமானந்தம் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்த பிடி விடாமல் நடந்தார். இந்த முறை கழுத்தில் அட்டை மாட்டக் குழந்தைவேலு சம்மதிக்கவில்லை. மாட்ட வந்ததைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டான். நாயா நான் என்று கேட்பது போலிருந்தது அவன் முகம். கையைப் பிடித்ததும் பிடிக்கவில்லைதான், பொறுத்துக்கொண்டான்.

வழியெல்லாம் உறுமியும் தவிலும். காவடிக் கூட்டம் ஒன்று போனால் அடுத்தது வந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் சொல்வதுகூடக் கேட்காத சத்தம். மைக்கில் வீயோ, வீயோ என்று சொல்வது கேட்டது, பிறகு அதுவும் அரோகராவில் மூழ்கிப்போயிற்று. பந்தல்களில் நின்ற இளவட்டங்கள் எதிர்ப்பக்கம் பார்த்து விரலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

‘சாமி கும்பிட வந்த இடத்திலும் போட்டோ’ என்று பரமானந்தம் மனதுக்குள் திட்டிக்கொண்டார். குழந்தைவேலு திட்டவில்லை. அவர்களையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

ஒட்டன்சத்திரத்தைக் கடந்தபோது மாடி ஜன்னலில் வஞ்சிக்கொடி நின்றாள். பரமானந்தம் கையை உயர்த்தினார். அவள் குழந்தைவேலுவைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் விடியற்காலை சத்திரப்பட்டியில் பரமானந்தத்தின் பாதக் கொப்புளம் உடைந்துவிட்டது. முகாமில் மருந்து வைக்க உட்கார்ந்தார். நர்ஸ் பஞ்சை வைத்ததும் வலி தாங்காமல் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்தார். அந்த ஒரு கணம்தான். ஒரு மயில் காவடிக் கூட்டம் உறுமி முழங்கக் கடந்துபோயிற்று. அவர் நிமிர்ந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை.

எழுந்து ஓடினார். எல்லாரும் பச்சை வேட்டி. எல்லார் கழுத்திலும் மாலை. குழந்தைவேலு என்று கத்தினார். கத்தினால் திரும்பிக் குரல் கொடுக்க முடியாத தம்பி. கரூர்த் தூணடி கண்ணுக்குள் வந்து நின்றது. மத்தியானம் வரை தேடிவிட்டு, முகாமுக்கே திரும்பி வந்து சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்.

இணையதளத்தைத் திறந்தார். படங்கள் குவிந்திருந்தன. அழுகிற பிள்ளைகள், திகைத்து நிற்கிற பெரியவர்கள், சேர்ந்துவிட்டோம் என்று கட்டிப்பிடித்து நிற்கிற குடும்பங்கள். வேறு நேரமாக இருந்தால் அவர் துள்ளிக் குதித்திருப்பார். தம்பி படம் அதில் இல்லை. தானே தம்பியின் படத்தை ஏற்றினார். ஏற்றிவிட்டு வஞ்சிக்கொடியைக் கூப்பிட்டார்.

“போயிட்டான்மா. கையை விட்டுட்டேன்.”

“பதறாதீங்க சார். அவருக்கு வீயோ தெரியுமா?”

“பேச்சே வராதவனுக்கு எப்படிம்மா தெரியும்? வழி பூராக் கேட்டான். கேட்டு என்ன பண்ண? திருப்பிச் சொல்ல வாய் வேணாமா?” அவருக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “சொல்ல முடிஞ்சவங்களுக்குத்தான் சரின்னு நீ அன்னைக்கே சொன்னியே. தெரிஞ்சுக்கிட்டே ஏன் குடுத்தே?”

வஞ்சிக்கொடி திருப்பிக் கேட்டாள்.

“வழியில வேற என்ன பாத்தீங்க சார்?”

“கூட்டத்தைப் பாத்தேன். போட்டோவுக்கு விரலைக் காட்டிட்டு நின்ன பயலுகளைப் பாத்தேன்.”

“நானும் நேத்துலேர்ந்து ஜன்னல்ல நின்னு பாக்குறேன். போனை வச்சுட்டு, அவங்களை இன்னொரு தடவை பாருங்க.”

பரமானந்தம் தலையைத் தூக்கினார்.

எதிரே மோர்ப் பந்தல். உறுமி காதைக் கிழித்தது. பந்தலில் இருந்த பெண் சாலையின் இந்தப் பக்கம் தனியே தவித்து நின்ற ஒரு மனிதரிடம் எதையோ சொல்லப் பார்த்தாள். குரல் எட்டவில்லை. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்துத் தூக்கினாள். மற்றொரு கையில் ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வளையமாக்கினாள். அந்த மனிதர் தலையாட்டிவிட்டுத் தன் போனை எடுத்தார்.

கூர் ஒன்று, வளையம் ஒன்று. வி, ஓ.

யாரும் சொல்லிக்கொடுத்த சைகை அல்ல. மேளத்துக்குப் பக்கத்தில் நின்ற யாரோ ஆரம்பித்திருக்க வேண்டும். அது சாலை முழுக்க நடந்து வந்துவிட்டது. பரமானந்தம் திண்டுக்கல்லிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

இணையதளத்தை மறுபடி திறந்தார். ‘கண்டெடுக்கப்பட்டவர்கள்’ பக்கத்தில் தம்பி இன்னும் இல்லை. ஏதோ தோன்றி, ‘காணவில்லை’ பக்கத்துக்குப் போனார்.

முதல் படமே குழந்தைவேலு. அவர் ஏற்றிய படம் அல்ல. அதற்குள் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தான். ஒரு கையில் கூர், ஒரு கையில் வளையம். முகத்தில் கவலையோ பயமோ துளியும் கிடையாது. கொஞ்சம் கோபம் இருந்தது. படத்துக்குக் கீழே யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்.

‘இவர் காணாமல் போகவில்லை. இவருடைய அண்ணன்தான் காணாமல் போய்விட்டார். இவருக்குப் பேச்சு வராது. பந்தலுக்கு வந்து வீயோ காட்டினார், சைகையில் விவரம் சொன்னார். அண்ணனுக்கு அடையாளம்: கண்ணாடி, மீசை, தொப்பை. காலில் புண். அடிக்கடி கோபப்படுவார் போலிருக்கிறது. யார் பார்த்தாலும் பத்திரமாக இடும்பன் குளம் மோர்ப் பந்தலுக்கு அனுப்பிவைக்கவும்.’

பரமானந்தம் படித்தார். மறுபடி படித்தார். பிறகு நடுச்சாலையில், இத்தனை பேர் பார்க்க, சிரித்துக்கொண்டே அழுதார். நர்ஸ் ஓடிவந்து என்ன சார் என்றாள்.

“நான் காணாமப் போயிட்டேன்மா” என்றார் அவர். “என் தம்பி என்னைத் தேடுறான்.”

புண்காலோடு எப்படி அவ்வளவு தூரம் நடந்தார் என்று அவருக்கே தெரியாது. வழியில் ஒவ்வொரு பந்தலிலும் யாராவது அவர் கண்ணாடியையும் தொப்பையையும் பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள். “அண்ணன் கிடைச்சுட்டார்!” என்று ஒருவர் கத்த, நாலு பேர் விரலைத் தூக்கினார்கள். ஆயக்குடியில் ஒருவர் கையில் கரும்பைத் திணித்து, “தம்பி காத்துக்கிட்டு இருக்காராம், சீக்கிரம் போங்க” என்று விரட்டினார்.

வெயில் சாயும் நேரத்துக்கு இடும்பன் குளம் வந்தது. பந்தலில் குழந்தைவேலு ராஜா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அண்ணனைக் கண்டதும் எழுந்து வந்தான். கட்டிப்பிடிப்பான் என்று பரமானந்தம் கையை விரித்தார். அவன் கட்டிப்பிடிக்கவில்லை. எங்கே போனாய் என்று கையை உதறிக் கேட்டான். கால் புண்ணைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு அண்ணனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். கூர், வளையம். குளக்கரையில் நின்றவர்கள் என்னவென்று புரியாமலே தூக்கினார்கள். யாரோ ஒருவர் அரோகரா என்று ஆரம்பிக்க, கரை முழுக்க அந்தச் சத்தம் எழுந்தது. குழந்தைவேலு அண்ணனை இழுத்துக்கொண்டு மலைப் படியேறினான். உச்சிக்குப் போய்ச் சேரும்வரை பிடியை விடவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனான்.

அந்தத் தைப்பூசத்தில் வீயோவால் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ண யாருக்கும் நேரமில்லை. பாராட்டுக் கூட்டத்தில் நாச்சிமுத்து மேடையேறினார். பேசவில்லை. இரண்டு கையையும் தூக்கி விரலைக் காட்டினார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. தன் பிளெக்ஸ் எங்கே என்று அவர் கேட்கவும் மறந்துவிட்டார்.

கால் புண் ஆறியதும் பரமானந்தம் மாடி அறைக்கு வந்தார். கூடவே குழந்தைவேலு.

“பதில் கிடைச்சுதா சார்?” என்றாள் வஞ்சிக்கொடி.

பரமானந்தம் தொண்டையைச் செருமினார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பதில் நீளமாக இருந்தது. ஆரம்பிக்க வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, ஒதுங்கி நின்று, தம்பியை முன்னால் விட்டார்.

அவள் குழந்தைவேலுவைப் பார்த்துக் கும்பிட்டாள். அவன் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றான்.

“பேரைத் திருப்பிக் குடுக்க வந்தேன்மா” என்றார் பரமானந்தம். “மும்பைக்காரன் மறுபடி கேட்டானா?”

“கேட்டாங்க.”

“என்ன சொன்னே?”

“எங்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன்.”

“ஏம்மா, உன் பேர்லதானே பதிஞ்சிருக்கு?”

வஞ்சிக்கொடி ஜன்னலைக் காட்டினாள்.

குழந்தைவேலு கம்பிக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டியிருந்தான். கீழே தக்காளிப் பெட்டிகளின் உச்சியில் சடையப்பன் கயிற்றை விட்டுவிட்டு விரலைத் தூக்கிக் காட்டினார். டீக்காரர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் காட்டினார். கிளம்பிக்கொண்டிருந்த லாரியிலிருந்து டிரைவர் ஒரு கையை வெளியே நீட்டி முதலில் கூரும் பிறகு வளையமும் காட்டிவிட்டுப் போனார்.

“கீழ போய் அவங்க கையிலேர்ந்து வாங்கிட்டு வாங்க சார்” என்றாள் வஞ்சிக்கொடி. “வித்துருவோம்.”